வினிபெக்குக்கு மிச்சத் தூரம்

திருச்சிக்கும் வினிபெக்குக்கும் நடுவில் இருந்த தூரம் அன்று காலை கொஞ்சம் குறைந்திருந்தது. வானொலியில் சொன்னார்கள். முதலில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், அடுத்து வெளியூர்களின் தூர நிலவரம், அதற்குப் பிறகு பழைய பாட்டு. எப்போதும் இதே வரிசைதான்.

"சிங்கப்பூரில் மாற்றமில்லை. துபாய் சற்றே கூடியிருக்கிறது. வினிபெக் இறங்குமுகம்" என்றது வானொலி.

மங்கையர்க்கரசி தாளிப்பை அப்படியே விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கடுகு கருகினால் கருகட்டும். வினிபெக் இறங்குமுகம் என்ற செய்தியைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

கனடாவில் இருக்கும் அந்த ஊரில் அவளுடைய ஒரே மகள் சுகந்தி நிறைமாதமாக இருந்தாள். "நீ வந்து என் கையப் புடிச்சாத்தாம்மா பெத்துக்குவேன். அதுவரைக்கும் அடக்கி வச்சிருப்பேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண். ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழா மேடையில் வந்த தும்மலை அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தும்மியவள். ஆனால் பிரசவம் தும்மல் இல்லையே. எவ்வளவு நேரம்தான் அடக்குவாள்? மங்கையர்க்கரசிக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். போய்ச் சேர வேண்டும். கையைப் பிடிக்க வேண்டும்.

தூரம் இறங்கியிருக்கும்போதே பறந்துவிட வேண்டும். நடுவழியில் ஏறிவிட்டால் வம்பு. அவளுடைய ஒன்றுவிட்ட நாத்தனாரின் சம்பந்தி போன தீபாவளிக்குச் சிட்னிக்குக் கிளம்பினார். சக்கரம் தரையை விட்டதும் தூரம் ஏறிவிட்டது. இன்னும் இரண்டாவது சாப்பாடு தரவில்லை என்று பொங்கல் வாழ்த்தில் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பகல் விமானத்தில் இடம் கிடைத்தது. கணவர் சிவக்கொழுந்து அவளோடு வரவில்லை. அவருக்கு உயரம் ஆகாது. மொட்டை மாடிக்கே கண்ணை மூடிக்கொண்டுதான் போவார். ஆனால் பயணம் யாருடையதாக இருந்தாலும் பஞ்சாங்கம் பார்ப்பது அவர் வேலை. பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமை நீ கிளம்புற நேரம் சுத்தமான ராகு காலம்."

"அதுக்கு? ஏரோப்ளேன்காரன்கிட்டப் போயி மாத்தச் சொல்லவா?"

"பரஸ்தானம் வச்சிரு."

பரஸ்தானம் என்பது எளிமையான ஏற்பாடு. கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயணச் சாமானில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. அது தொடர்ச்சிதான். பொதுவாக ஒரு துண்டு வைப்பார்கள், அல்லது ஒரு சொம்பு, அல்லது மஞ்சள் துணியில் முடிந்த அரிசி. அதற்கு மேல் வேண்டியதில்லை.

மங்கையர்க்கரசி இங்கேதான் தப்புப் பண்ணினாள். எப்படியும் கொண்டுபோகிற சாமான்தானே, இரட்டை வேலை எதற்கு என்று நினைத்தாள். நீல ரெக்சின் பையை எடுத்து, பிரசவத்துக்குப் போகிற ஒரு தாய்க்கு வேண்டியதையெல்லாம் அதில் அடுக்கினாள். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகிப்போன நூல் சேலைகள். பிரசவ லேகியம். வசம்பு. ரசப்பொடி. தன்னுடைய தைலம், தன்னுடைய கண்ணாடி, தன்னுடைய ஸ்வெட்டர். அங்கே போனதும் மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்து, "அழாதடி, எல்லாம் சரியாப் போயிடும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சொல்லும் உள்ளே போய்விட்டது.

பையில் தேவையான அளவுக்கு மங்கையர்க்கரசி சேர்ந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை காலை பையைப் பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு ராகு காலம் கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் எல்லோருடைய பரஸ்தானமும் அவர் வீட்டில்தான். "உங்க சாமிக்கும் எங்க சாமிக்கும் நடுவுல ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். அதுல வச்சிட்டுப் போங்க" என்பார்.

வெள்ளிக்கிழமை காலை மங்கையர்க்கரசி பையை எடுத்துவரப் போனாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஆனால் அன்றைக்கு டீச்சர் வீட்டு வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கூடம் நீண்டிருந்தது. பாதி வழியில் குளிர்ந்தது. ஒரு ஜன்னலில் பனி மூடிய மலைகள் தெரிந்தன. டீச்சர் அந்த ஜன்னல் கட்டையில் வடகம் காயப்போட்டிருந்தார்.

நாற்காலி காலியாக இருந்தது.

"பை எங்க டீச்சர்?"

"அது கிளம்பிடுச்சே மங்கை."

"எப்போ?"

"நீ வச்சிட்டுப் போன கையோட. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்னு சொன்னேன். பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்னு சொல்லிடுச்சு."

"பையா சொல்லிச்சு?"

"உன் குரல்லதான் சொல்லிச்சு. கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி இருந்துச்சு. ஜிப்பு வழியா வருதுல்ல."

மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "அது எப்படி நடந்துச்சு டீச்சர்?"

"நான் குனிஞ்சு பாக்கல. சாமான் நடக்கும்போது அதோட காலப் பாக்கிறது மரியாதை இல்லல்ல?"

அது நியாயமாகத்தான் பட்டது. மங்கையர்க்கரசி திரும்ப நடந்து தன் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிவக்கொழுந்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? நல்ல நேரத்துல வச்சா அப்படித்தான். ஆளுக்கு முன்னாடி அது போயி நிக்கும்" என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த மனுஷருக்கு மனைவி போனாலும் ஒன்றுதான், பை போனாலும் ஒன்றுதான். பஞ்சாங்கம் பொய்க்கக் கூடாது.

வழியனுப்ப ஒரு வேன் பிடித்தார்கள். சிவக்கொழுந்து, ரெஜினா டீச்சர், மாடிவீட்டுக்காரர்கள், மாடிவீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒருவர். நாலு பேராவது கண் கலங்காவிட்டால் விமானம் மேலே எழும்பாது என்பதால் இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

விமான நிலையத்தின் கவுண்டரில் இருந்த பெண் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"நீங்க புதன்கிழமையே கிளம்பிட்டீங்களேம்மா."

"இல்லம்மா, இங்கதானே நிக்கிறேன்."

"நிக்கிறது வேற, கிளம்புறது வேற. ஜன்னல் சீட்டு வாங்கியிருக்கீங்க. பெல்ட்டெல்லாம் போட்டு ஒழுங்கா உக்காந்து போயிருக்கீங்க. சைவச் சாப்பாடு கேட்டிருக்கீங்க."

"அது என் பைம்மா."

"பரஸ்தானம் வச்சீங்களா?"

"வச்சேன்."

"அப்ப சரியாத்தான் இருக்கு. ஒரே பயணத்த ரெண்டு தடவ தொடங்க முடியாதும்மா."

மங்கையர்க்கரசி கவுண்டர்மேல் சாய்ந்தாள். "எம் பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சும்மா. நான் போய்க் கையப் புடிச்சாத்தான் பெத்துக்குவேன்னு இருக்கா" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"இது என்ன உங்க ஊருக்குப் புதுசா?" என்று கவுண்டர்ப் பெண் மலைக்கோட்டை இருக்கும் திசையில் கையைக் காட்டினாள்.

அவள் சொன்னது தாயுமானவரை. மகளுக்குப் பிரசவ வலி. காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். அந்தத் தாயின் உருவத்தில் சிவனே போய்ப் பிரசவம் பார்த்துவிட்டார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து பார்த்தால் வீட்டில் தன்னைப் போலவே ஒருத்தி. திருச்சியில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அது சாமி. இது ரெக்சின் பை" என்றாள் மங்கையர்க்கரசி.

"நாங்க வித்தியாசம் பாக்கிறதில்ல." ஏலக்காயைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, கவுண்டருக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "உங்களுக்கு மிச்சம் இருக்கும்மா."

"என்ன மிச்சம்?"

"ஒரு பயணத்துல ரெண்டு இருக்கு. தூரம் ஒண்ணு, நேரம் ஒண்ணு. உங்க பை நேரத்தப் பூராவா எடுத்துட்டுப் போயிருக்கு. தூரத்தத் தொடல. பைக்கு அது எதுக்கு? உங்க தூரம் அப்படியே இருக்கு."

"நேரம்?"

"துளி இல்ல."

"நேரம் இல்லாம அவ்வளவு தூரம் எப்படிம்மா போறது?"

"நேரம் இல்லேன்னா சீக்கிரம்தானே போகணும்?"

மங்கையர்க்கரசி யோசித்துப் பார்த்தாள். இதில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. இந்த மாதிரிக் கோளாறெல்லாம் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் பிடிபடும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிவக்கொழுந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். டீச்சர் ஜெபமாலையோடு அழுதார். மாடிவீட்டுக்காரர்கள் ஓரளவு அழுதார்கள். விருந்தாளி முயற்சி செய்தார். போதும் என்று அவளை உள்ளே விட்டார்கள்.

மிச்சத் தூரத்துக்குத் தனி விமானம். எல்லா ஊருக்கும் அது ஒன்றுதான். நேரம் இல்லாததால் எந்த ஊர் முதலில், எந்த ஊர் அடுத்து என்ற தகராறு அதில் இல்லை. மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். விமானம் எழும்பியதா என்று தெரியவில்லை. எழும்பாமல் இருப்பதாகவும் தெரியவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அரபிக்கடல், அதன்மேல் ஒரு பாலைவனம், அதன்மேல் கோதுமை வயல்கள், அதன்மேல் பனி. சலவைக்குப் போய் வந்த வேட்டிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. எதுவும் வரவில்லை. எதுவும் போகவில்லை. கீழே இருந்த கடலை லேசாக விரலால் நெம்பிப் பார்க்கலாமா என்று ஆசையாக இருந்தது. கண்ணாடி தடுத்தது.

பணிப்பெண் உப்புமா கொடுத்தாள். கொடுத்த கையோடு காலித் தட்டை வாங்கிக்கொண்டாள். நடுவில் சாப்பிட்டு முடிந்திருந்தது. வயிறு நிறையவில்லை. பசிக்கவும் இல்லை.

பக்கத்து இருக்கையில் துவாக்குடிக்காரர் ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அடைக்கலம் என்று பெயர் சொன்னார்.

"நீங்க என்னக்கா வச்சீங்க?"

"பை. நீங்க?"

"செருப்பு. புதுச்செருப்பு. மச்சான் வீட்டுல வச்சேன். தோஹாவுக்குப் போயிடுச்சு."

"போயி?"

"வேலைக்குச் சேந்துடுச்சுக்கா. எனக்கு வந்த வேலைதான். கிடங்குல மேற்பார்வை. நல்லாப் பாக்குதாம். நிரந்தரம் பண்ணிட்டாங்களாம்."

"அப்ப நீங்க எதுக்குப் போறீங்க?"

அடைக்கலம் தன்னுடைய பாதங்களைப் பார்த்தார். "வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா அதுக்கும் ஒரு கால் வேணும்லக்கா" என்றார்.

மங்கையர்க்கரசிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு சேர்ந்து தன்னையும் நினைத்துக்கொண்டாள். பை அங்கே போய் என்ன செய்துகொண்டிருக்கும்? நிற்குமா, உட்காருமா? மருமகன் அதை எப்படிக் கூப்பிடுவார்? தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா? நீ எதுக்கு போன் பண்ற? நீ அடுப்படியிலதானே நிக்கிற?"

"அது நான் இல்லடி."

"பைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ரசம் உன் ரசம்தாம்மா."

"புளி?"

"நீ கரைக்கிற மாதிரியே."

"உப்பு?"

சுகந்தி கொஞ்சம் தயங்கினாள். "ஒரு கல்லு கூட."

மங்கையர்க்கரசிக்கு அந்த ஒரு கல் உப்பு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "உனக்கு எப்படிடி இருக்கு?" என்றாள்.

"வலி எடுத்துடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிக்கிட்டிருக்கோம். அவரு வண்டிய எடுக்கப் போயிருக்காரு." மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "பை என்னைப் பாத்து, அழாதடி எல்லாம் சரியாப் போயிடும்னு சொல்லுது. நல்லாத்தான் சொல்லுது. ஆனா அது ஒண்ணத்தான் சொல்லுது. கையக் குடுன்னேன். அதுக்குத் தோள்ல மாட்டுற வார்தாம்மா இருக்கு. கை இல்ல."

"ஆமாடி. அத வைக்கலடி நான்."

"சீக்கிரம் வாம்மா. என்னால ரொம்ப நேரம் அடக்க முடியாது."

சுகந்தி போனை வைத்துவிட்டாள். மங்கையர்க்கரசிக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அழுவதற்கும் நேரம் வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது அங்கேயே நின்றுகொண்டது. அவள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா இருக்கு?"

"எல்லாத் தூரமும் இங்கேயேதான் இருக்கு. நீங்கதான் உக்காந்தே இருக்கீங்க."

"அப்ப?"

"எழுந்து நடங்க."

இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? மங்கையர்க்கரசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவில் இருந்த வழியில் பின்பக்கமாக நடந்தாள். அடைக்கலமும் கூடவே வந்தார். நடக்க நடக்க வழி நீண்டது. சில வரிசைகளில் ஆட்கள் இருந்தார்கள். சில வரிசைகளில் கடல் இருந்தது. ஒரு வரிசையில் ஒட்டகம் ஒன்று பெல்ட் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று அடைக்கலம் சாடை காட்டினார்.

அதற்கு அடுத்த வரிசையில் தரைவிரிப்பு முழுக்க மணலாக இருந்தது. வாரில் அடையாள அட்டை மாட்டிய ஒரு ஜோடிச் செருப்பு அங்கே காத்துக்கொண்டு நின்றது. அடைக்கலம் அதைப் பார்த்தார். அவர் மெதுவாக ஒரு காலை நுழைத்தார், பிறகு இன்னொரு காலை.

"கடிக்குதுக்கா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"புதுசுன்னா கடிக்கத்தானே செய்யும். விளக்கெண்ணெய் தடவுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேலே நடந்தாள்.

மணல் முடிந்தது. புல் வந்தது. புல் முடிந்து பனி வந்தது. ஸ்வெட்டர் பையோடு போய்விட்டது நினைவுக்கு வந்தது. ஆனால் குளிர் உறைக்கவும் நேரம் வேண்டும் என்பதால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய உலகத்தை யார் இப்படி நீளமாகப் போட்டு வைத்தது, கொஞ்சம் மடித்து வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். பனி வழுவழுவென்று ஆனது. வெள்ளை டைல்ஸ் தரையாக ஆனது. பினாயில் வாசனை வந்தது. இருபக்கமும் சுவர், எதிரே ஒரு கதவு. அவள் வினிபெக்குக்கு வந்துவிட்டாள்.

கதவுக்கு வெளியே மருமகன் மருதவாணன் நின்றுகொண்டிருந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. அவளைப் பார்த்ததும் குழம்பிப்போய்க் கைகூப்பினார்.

"வாங்க அத்தை. அன்னைக்கே ஒரு தடவ வாங்கன்னு சொல்லிட்டேன். மறுபடியும் வாங்க."

"அவ எப்படி இருக்கா?"

"உள்ள இருக்காங்க. நீங்களும் உள்ளதான் இருக்கீங்க."

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். லால்குடிப் பக்கத்துப் பேச்சு. "யாரு நீங்க?"

"சுகந்தியோட அம்மா."

"அம்மா உள்ள இருக்காங்களே. நீலக் கலர்."

"அது முன்னாடி வந்தது. நான் கை கொண்டு வந்திருக்கேன்."

நர்ஸ் அவளுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். "சரி, கழுவிட்டு வாங்க" என்றாள்.

உள்ளே சுகந்தி கட்டிலில் கிடந்தாள். தலைமுடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியில் நீல ரெக்சின் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. "அழாதடி, எல்லாம் சரியாப் போயிடும்" என்று மூக்கடைத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும் விதத்தில் ஒரு குறையும் இல்லை. மங்கையர்க்கரசி அதைத் தாண்டிப் போய் மகளுடைய கையைப் பிடித்தாள்.

அறை நின்றது.

பை வாயைத் திறந்தபடி நின்றது. குழாயிலிருந்து விழவேண்டிய மருந்துச் சொட்டு விழாமல் தொங்கியது. டாக்டரம்மாவின் கைகள் நீட்டியபடி நின்றன. சுவர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுகந்தி மட்டும் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

"வலி நின்னுடுச்சும்மா. நீ என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல. எங்கிட்ட நேரம் இல்லடி. அதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகந்தியின் முகம் பூசினாற்போல ஆகியிருந்தது. மூக்கு அப்படியே சிவக்கொழுந்தின் மூக்கு. அது போனில் தெரிந்ததில்லை. காதோரம் இரண்டு நரைமுடி. எப்போது வந்தது? அம்மாவுக்குத் தெரியாமல் மகளுக்கு நரைப்பதாவது? மங்கையர்க்கரசி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் நேரம் ஆகவில்லை. இதற்காகத்தானே வந்தாள். மனது நிறைந்து போயிற்று.

"கொஞ்ச நேரம் இப்படியே இரும்மா" என்றாள் சுகந்தி.

"அந்தக் கொஞ்சம்கூட எங்கிட்ட இல்லடி."

அப்போதுதான் மங்கையர்க்கரசி டாக்டரம்மாவின் கைகள் நீண்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். ஈரமான கருப்பு முடியோடு ஒரு சின்னத் தலை தெரிந்தது. அது வரவும் இல்லை, போகவும் இல்லை.

அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இந்தக் கையைப் பிடித்திருக்கும் வரைக்கும் மகளுக்கு வலி இல்லை. பிடித்திருக்கும் வரைக்கும் பிள்ளையும் இல்லை.

சுகந்தியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "விட்டா மறுபடி வலிக்குமா?"

"வலிக்கும்."

"நீ எங்க இருப்ப?"

"கதவுக்கு அந்தப் பக்கம். இங்கேயே நின்னா மறுபடி கையப் புடிச்சிடுவேன்."

"அது எவ்வளவு தூரம்?"

மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்து மனதுக்குள் அளந்தாள். "கதவு தூரந்தான்" என்றாள்.

"அப்ப சரி" என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டாளே தவிரப் பிடியைத் தளர்த்தவில்லை.

அந்த விரல்களை மங்கையர்க்கரசியேதான் பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உலகத்தில் பாதியைக் கடந்து வந்தது பிடிப்பதற்குத்தான். விடுவதற்கு என்று தெரிந்திருந்தால் சிவக்கொழுந்தையே அனுப்பியிருக்கலாம். மகளுடைய கையை எடுத்துப் பையின் வாரில் வைத்து மூடினாள். வாரை இழுத்துப் பார்த்தாள். தையல் கெட்டியாகத்தான் இருந்தது.

"பாத்துக்க" என்று பையிடம் சொன்னாள்.

"அழாதடி, எல்லாம் சரியாப் போயிடும்" என்றது பை. அதை யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

அவள் வெளியே வந்தாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. சுகந்தி கத்தினாள். மருதவாணன் சுவரில் சாய்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டார். மங்கையர்க்கரசி பொத்திக்கொள்ளவில்லை. காத்திருக்கலாம் என்றால் காத்திருக்கவும் நேரம் வேண்டும். அவளால் காத்திருக்க முடியவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து இன்னொரு குரல் கேட்டது. அதுவரைக்கும் அந்த அறைக்குள் இல்லாத குரல்.

நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நேராக மங்கையர்க்கரசியிடம் நீட்டினாள். "புடிங்க."

மங்கையர்க்கரசி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "வேணாம்மா. நான் தொட்டா இதுவும் நின்னுடும்."

"நிக்காது."

"எங்கிட்ட நேரம் இல்லம்மா."

"இதுகிட்ட இருக்கு. ஒரு ஆயுசுக்கு உள்ளது கொண்டு வந்திருக்கு. கொஞ்சம் உங்க மேல ஒட்டிக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. சீக்கிரம் வாங்குங்க, எனக்கு வேலை இருக்கு."

மங்கையர்க்கரசி வாங்கினாள். குழந்தை நிற்கவில்லை. காலை உதைத்தது. உதடு சப்பியது. சூடாக இருந்தது.

அப்புறம் அவளுக்கு எல்லாம் மொத்தமாக வந்தது. முதலில் காது அடைத்தது. கணுக்கால் இரண்டும் வீங்கின. முதுகு பிடித்துக்கொண்டது. உப்புமா வயிற்றுக்கு வந்து சேர்ந்து நெஞ்சைக் கரித்தது. வழியெல்லாம் உறைக்காத குளிர் ஒரே நேரத்தில் உறைத்துப் பல் கிட்டியது. தொண்டையில் நின்ற அழுகை உடைந்து பொலபொலவென்று கொட்டியது. மருதவாணன் பயந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். அவள் குழந்தையோடு தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பயணம் எப்படி அத்தை? ரொம்ப நேரம் ஆச்சா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் மாப்பிள்ளை ஆகுது" என்றாள் மங்கையர்க்கரசி.

குழந்தை வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அவளுக்கும் கொட்டாவி வந்தது.